இரண்டு சனிக்கிழமைகள்

ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு

"வெறும் வயித்துல 118தான் இருக்கு. நல்லாத்தானே இருக்கு? அப்புறம் மூணு மாச சுகர் மட்டும் எப்படி 8.1 வந்துச்சு? லேப்ல வேற யாரோடதையாவது மாத்திக் குடுத்துட்டாங்களா?"

சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. அப்படிப்பட்ட வீடுகள் நம் நாட்டில் எத்தனை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள் என்றது அது. அவர்களில் ஏராளமானவர்கள் கையில் இரண்டு ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு, எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

லேப் மாற்றிக் கொடுக்கவில்லை. இரண்டு எண்களும் உண்மை. எப்படி என்று பார்ப்போம்.

ரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸில் கொஞ்சம், அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமானால் ஒட்டுவதும் அதிகமாகும். நூற்றுக்கு எத்தனை பங்கு ஹீமோகுளோபினில் இப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் மூன்று மாத சுகர். மருத்துவர்கள் இதை ஹெச்பிஏ1சி என்பார்கள். இந்த எண்ணைச் சராசரி குளுக்கோஸாக மாற்றிச் சொல்லவும் ஒரு கணக்கு உண்டு. 7 என்றால் சராசரி 154. 8.1 என்றால் சராசரி ஏறத்தாழ 186.

ஆக, காலையில் 118 இருப்பவருக்கு நாள் முழுவதன் சராசரி 186. காலையில் இவ்வளவு தாழ்ந்து நிற்கும் அளவு, மற்ற நேரங்களில் எங்கோ மிக உயரத்துக்குப் போய்வந்தால்தான் சராசரி அங்கே நிற்கும். அது எந்த நேரம்? எதனால்? வெறும் வயிற்றுச் சோதனைக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது அங்கே இல்லை. மூன்று மாத சுகருக்கும் தெரியாது. அது எல்லா நாட்களையும் கலந்து ஒரே எண்ணாக்கிவிட்டது. இரத்தசோகை உள்ளவர்களிடம் அந்த ஒரே எண்ணும் சில சமயம் பிசகும்.

மேட்டூரின் நீர்மட்டம்

தமிழ்நாட்டில் ஜூன் மாதம் பிறந்தால் செய்தியில் தவறாமல் வரும் ஒரு வரி, மேட்டூர் அணையின் நீர்மட்டம். முழு நீர்மட்டம் 120 அடி. இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தினமும் சொல்வார்கள். அதற்கு மேலே, மைசூருக்குப் பக்கத்தில், கண்ணம்பாடி என்று ஊர் மக்கள் அழைக்கும் கிருஷ்ணராஜ சாகர் அணை. அதன் உச்சமட்டம் 124.80 அடி. அங்கே மதகு திறந்தால் இங்கே எப்போது வரும் என்று டெல்டா விவசாயி கணக்குப் போட முடிகிறதே, அது எதனால்? இடையில் பிலிகுண்டுலுவில் ஓர் அளவுநிலையம், மேட்டூரில் ஓர் அளவுகோல். இரண்டிலும் ஒரு நாள் விடாமல் யாரோ பார்த்து எழுதுகிறார்கள்.

அந்த ஊழியர் ஆண்டுக்கு ஒரு நாள், அதுவும் மே மாதக் காலையில் மட்டும் போய் அளந்து வந்தால் என்ன ஆகும்? காவிரியில் வெள்ளமே வருவதில்லை என்று ஏட்டில் எழுதியிருப்பார். எழுதியதில் பொய் இல்லை. பார்த்ததைத்தான் எழுதினார். ஆடிப்பெருக்கன்று அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

விரல்நுனியில் குத்திப் பார்க்கும் ஒரு சொட்டு, அந்த மே மாதக் காலையைப் போன்றது. நமக்கு வேண்டியது ஆற்றங்கரையை விட்டு நகராத ஓர் அளவுகோல்.

முழங்கைக்கு மேலே ஒரு நாணயம்

அந்த அளவுகோலின் பெயர் தொடர் குளுக்கோஸ் அளவி. வழக்கில் சென்சார். பெரிய நாணயம் அளவுள்ள வட்டமான பிளாஸ்டிக் வில்லை. மேல்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது ஓர் ஊசி மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடும். உள்ளே தங்குவது சுமார் 5 மில்லிமீட்டர் நீள இழை மட்டும். வலி, ஒரு கிள்ளு அளவு.

இழையின் நுனியில் பூசியிருப்பது ஒரு நொதி, குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பலவகைப் புரதங்களும் உப்புகளும் கலந்த திரவத்தில் குளுக்கோஸை மட்டும் தேடிப்பிடித்து வினைபுரியும் குணம் அதற்கு உண்டு. அந்த வினையில் எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை இழை வழியாக ஓடினால் அது மின்னோட்டம். குளுக்கோஸ் அதிகம் என்றால் மின்னோட்டமும் அதிகம். மின்னோட்டத்தை அளந்தால் குளுக்கோஸை அளந்ததாகும்.

இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். 1962இல் அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்ற விஞ்ஞானி, சாம்ப் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, நொதியை மின்முனையோடு இணைக்கலாம் என்று எழுதினார். அதை உடம்பில் அணியும் பொருளாக்க நெடுங்காலம் பிடித்தது. 1999இல் அனுமதி பெற்ற முதல் கருவி மூன்று நாள் மட்டும் ஓடியது. அணிந்தவருக்கு எண் தெரியாது, பிறகு மருத்துவர்தான் பார்ப்பார். 2014இல் ஐரோப்பாவில் வந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரே 14 நாள் ஓடியது. அதைச் சரிபார்க்க விரலில் குத்தவும் தேவையில்லாமல் போனது.

15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு நாளைக்கு 96. பதினான்கு நாளைக்கு 1,344. விரலில் தினமும் நான்கு முறை குத்தினாலும் அதே பதினான்கு நாளில் கிடைப்பது 56.

ஆறும் வாய்க்காலும்

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சென்சாரின் இழை ரத்தக் குழாய்க்குள் போவதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் நீரில் நிற்கிறது. அதைச் செல்லிடை நீர் என்போம். ரத்தம் ஆறு என்றால் இது வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் ஏறினால் வாய்க்காலில் ஏறச் சற்று நேரம் ஆகும். இங்கே அந்தத் தாமதம் ஏறத்தாழ 5 முதல் 10 நிமிடம். குளுக்கோஸ் சீராக இருக்கும்போது இதனால் வேறுபாடு தெரியாது. வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோ சென்சார் ஒன்றும் குளுக்கோமீட்டர் ஒன்றும் சொல்லும். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறு சொன்னால், விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

இன்னொன்றும் உண்டு. தூக்கத்தில் சென்சார் உள்ள கையின் மேலேயே படுத்துவிட்டால், அந்த இடம் அழுந்தி வாய்க்காலில் வரத்து குறையும். சென்சார் அதைத் தாழ்நிலை என்று பதிவு செய்யும். உண்மையில் ரத்தத்தில் குறைந்திருக்காது. இதற்கு அழுத்தத் தாழ்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் கதையில் இது திரும்ப வரும்.

டீச்சரம்மாவின் வாரம்

மைசூரு சரஸ்வதிபுரத்தில், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி வந்து குடியேறிய ஒரு தமிழ் ஆசிரியையை நினைத்துக்கொள்வோம். வயது 64. பணி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து பன்னிரண்டு ஆண்டு. காலையில் மெட்ஃபார்மின், இரவில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு. அவர் இந்த அத்தியாயத்துக்காக நான் உருவாக்கியவர். அவருடைய எண்களும் அப்படியே. ஆனால் அவர் கோட்டில் வரும் ஏற்றமும் இறக்கமும் சர்க்கரை மருத்துவர்களுக்கு நன்றாகப் பழகியவை.

திங்கட்கிழமை காலை சென்சார் ஒட்டுகிறார்கள். முதல் நாளின் எண்களை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இழை போன இடத்தில் உடம்பு ஆறிப் பழக ஒரு நாள் ஆகும். செவ்வாய் முதல் ஒரு வடிவம் தெரிகிறது.

காலை 6:30க்கு 115. இது அவருக்குத் தெரிந்த எண்தான். 8:30க்கு நான்கு மல்லிகை இட்லி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி. 10 மணிக்குக் கோடு 262இல் நிற்கிறது. மெல்ல இறங்கி ஒரு மணிக்கு 160. மதியம் ராகி முத்தே, நம் ஊர்க் கேழ்வரகுக் களி. சுகருக்கு நல்லது என்று நம்பி, உருண்டை பெரிதாகவே சாப்பிடுகிறார். மூன்று மணிக்கு 240. மாலை காபியும் ஒரு பன்னும். இரவுச் சாப்பாடு 9:30க்கு, சோறு. நள்ளிரவில் 210. அதன்பிறகு படிப்படியாக இறங்கி விடிகாலையில் மறுபடி 115.

முதல் புதிர் இங்கே அவிழ்கிறது. டீச்சரம்மா பல ஆண்டுகளாக நாளின் மிகத் தாழ்ந்த நேரத்தைப் பார்த்துத்தான் லேபுக்குப் போய் வந்திருக்கிறார். மே மாதக் காலைகள் அத்தனையும்.

கேழ்வரகு ஏன் ஏமாற்றியது? நார்ச்சத்தும் கால்சியமும் அதில் நிறைய உண்டு. ஆனால் மாவாக அரைத்து, கொதிநீரில் கிளறி, கெட்டி உருண்டையாக்கும்போது அதன் மாவுச்சத்து செரிக்க எளிதாகிவிடுகிறது. மைசூரின் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், கேழ்வரகை மாவாக்காமல் தோல் நீக்கி, அரிசிபோல் முழுமணியாகச் சமைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. தானியம் ஒன்றேயானாலும் அது எந்த வடிவில் வயிற்றுக்குள் போகிறது என்பதைப் பொறுத்துக் கோடு மாறும். ஆளைப் பொறுத்தும் மாறும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015இல் 800 பேருக்கு சென்சார் அணிவித்துப் பார்த்தது. ஒரே உணவுக்கு ஒருவர் ரத்தத்தில் கொஞ்சமாகவும் இன்னொருவர் ரத்தத்தில் நிறையவும் குளுக்கோஸ் ஏறியது. பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒத்துக்கொண்ட களி டீச்சரம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர் கோடுதான் அதைச் சொல்ல முடியும்.

முதல் சனிக்கிழமை

டீச்சரம்மாவுக்கு வாரம் ஒரு விரதம் உண்டு. சனிக்கிழமை இரவு சோறு இல்லை, ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பாலும். மாத்திரை மட்டும் வழக்கம்போல.

அவருடைய சென்சார் வகையில் எச்சரிக்கை ஒலி இல்லை. ஃபோனை அருகில் கொண்டுபோனால் எண் தெரியும். அந்த வில்லையின் நினைவில் 8 மணி நேரப் பதிவுதான் தங்கும். அதற்கு மேல் விட்டால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டு, பழையது போய்விடும். ஆகவே தூங்கப் போகும்போது ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை காட்டிவிடுவார்.

ஞாயிறு காலை ஃபோனைக் காட்டியபோது, இரவு 2:10லிருந்து ஒன்றேகால் மணி நேரம் கோடு 70க்குக் கீழே கிடந்தது. மிகத் தாழ்ந்த இடம் 58. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தலை மட்டும் வலித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலி அவருக்குப் புதிதல்ல. விரதத்தின் அசதி என்று வைத்திருந்தார். மேலும் அன்று இடது பக்கமாகவே தூங்கியது நினைவிருக்கிறது. சென்சாரும் இடது கையில்தான். ஆக, இது அழுத்தத் தாழ்வாகவும் இருக்கலாம். ஒரு முறை வந்ததை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் நாள்

அடுத்த செவ்வாய். ஒட்டும் பசை இருந்த இடம் அரிக்கிறது. மறுநாள் உறவில் கல்யாணம், பட்டுச்சேலை ரவிக்கையின் கை இறுக்கம், பார்ப்பவர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்பார்கள். கோவையிலிருந்து மகள் பேசுகிறாள்.

"உறுத்துதுன்னா கழட்டிடுங்கம்மா. ஒம்போது நாள் பார்த்தாச்சே, போதாதா?"

நியாயமான கேள்வி. சென்சார்கள் உரிய நாளுக்கு முன்பே கழற்றப்படுவது இப்படி ஒரு நாளில்தான். வடிவம் தெரிந்துவிட்டது, இட்லிதான் காரணம் என்று புரிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது?

இதற்கு மருத்துவ உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, சென்சார் பதிவை வைத்து முடிவெடுக்க 14 நாளும், அதில் குறைந்தது 70 சதவீத நேரத்துக்குப் பதிவும் வேண்டும் என்கிறது. அதாவது ஏறத்தாழ பத்து நாள். ஒன்பது நாள் அந்தக் கோட்டைத் தொடவில்லை. இதை விடவும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தினமும் நடப்பதை ஐந்து நாளில் பிடித்துவிடலாம். வாரத்துக்கு ஒரு முறை நடப்பதைப் பிடிக்க இரண்டு வாரம் வேண்டும். ஒரு முறை வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடி வந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

டீச்சரம்மா வகுப்பில் நாற்பது ஆண்டுக்கு அருகில் வருகைப்பதிவேடு எழுதியவர். நடுவில் விட்டால் ஏடு ஏடாக இராது என்பது அவருக்குத் தெரியும். சென்சாரைக் கழற்றவில்லை. கல்யாணத்துக்கும் அதோடுதான் போனார். அன்று மதியம் விருந்துக்குப் பின் கோடு 290 தொட்டது. அதுவும் பதிவாயிற்று.

இரண்டாவது சனிக்கிழமை

பதின்மூன்றாம் நாள். அதே வாழைப்பழம், பால், மாத்திரை. இம்முறை வலது பக்கம் தலையணை வைத்துப் படுத்தார். ஃபோனில் மூன்று மணிக்கு அலாரம் வைத்தார்.

மூன்று மணிக்கு எழுந்தபோது கழுத்தில் வியர்வை. சென்சார் 66 என்றது. விரலில் குத்தினார், 61. குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போது வாய்க்கால் ஆற்றைவிடச் சற்றுப் பின்தங்கியிருக்கும் என்றோமே, அந்த வேறுபாடுதான் இது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தார், 84. பிறகுதான் படுத்தார்.

சந்தேகம் தீர்ந்தது. கிளிமெபிரைடு, கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அன்று சாப்பிட்டாரா, விரதமா என்று அதற்குத் தெரியாது. சோறு சாப்பிட்ட இரவுகளில் 210லிருந்து இறங்கி 115இல் நின்ற கோடு, விரத இரவில் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி ஆபத்தான இடத்துக்குப் போனது. வயதானவர்களுக்கு இரவு நேரத் தாழ்நிலை கீழே விழுவதற்கும், இதயத் துடிப்பு தடுமாறுவதற்கும் காரணமாகலாம். இத்தனை ஆண்டு ஞாயிற்றுக்கிழமைத் தலைவலிகளில் எத்தனை இதனால் வந்தவையோ.

வரம்புநேரம்

பதினான்கு நாள் முடிந்து மருத்துவர் முதலில் பார்ப்பது மூன்று எண்கள். நாளில் எவ்வளவு நேரம் குளுக்கோஸ் 70க்கும் 180க்கும் நடுவே இருந்தது என்பது முதலாவது. அதை வரம்புநேரம் என்போம். பெரும்பாலானவர்களுக்கு இலக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது 24 மணியில் 17 மணி நேரம். 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் வரம்புநேரம் 50 சதவீதம் தாண்டினால் போதும், ஆனால் தாழ்வு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

டீச்சரம்மாவின் வரம்புநேரம் 54. உயர்வு, அதாவது 180க்கு மேல் இருந்த நேரம், 45. தாழ்வு, 336 மணியில் இரண்டு மணி, ஒரு சதவீதம்கூட இல்லை. முதியவருக்கான இலக்கை வைத்துப் பார்த்தால் வரம்புநேரம், தாழ்வு இரண்டிலும் தேர்ச்சி! சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த இரண்டு சனிக்கிழமைகளும் கண்ணில் படாமலே போயிருக்கும். மருத்துவர் ஒவ்வொரு நாளின் கோட்டையும் தனித்தனியாகப் புரட்டினார். இரவு கிளிமெபிரைடை எடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினார். காலையில்தானே 262. இட்லி நான்கு இரண்டாயிற்று, கூடவே சுண்டல். காபியில் சர்க்கரை நின்றது. சாப்பிட்டதும் குக்கரஹள்ளி ஏரிக்கரை வரை நடை. இரவுச் சாப்பாடு 7:30க்கு வந்தது.

322 பேர், 26 வாரம்

ஒரு கற்பனை ஆசிரியையை வைத்துச் சொன்னது ஆய்வில் நிற்குமா?

2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 322 பேரில் ஒரு பாதிக்குச் சென்சார், மறுபாதிக்கு வழக்கமான விரல் சோதனை. 26 வாரம் கழித்துப் பார்த்தால், 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் சென்சார் அணிந்தோரின் மூன்று மாத சுகர் மற்றவர்களைவிட 0.53 அதிகம் குறைந்திருந்தது. 15 முதல் 24 வயதுக்காரர்களிடமும், 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடமும் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை. கருவி ஒன்றுதான், நோய் ஒன்றுதான். ஏன் இப்படி?

வாரத்தில் சராசரியாக ஆறு நாளோ அதற்கு மேலோ அணிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். பெரியவர்களில் 83 சதவீதம். சிறு பிள்ளைகளில் 50. இளைஞர்களில் 30. பிறகு ஆராய்ந்தபோது, ஆறு நாளுக்குமேல் அணிந்தவர்களுக்கு எந்த வயதிலும் பலன் கிடைத்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். தவறாமல் அணிபவர் இயல்பிலேயே கவனமானவராக இருக்கலாமே? பலன் சென்சாரால் வந்ததா, அந்தக் கவனத்தால் வந்ததா? இதற்கு 2021இல் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், சாப்பாட்டு வேளை இன்சுலின் இல்லாமல், நீண்ட நேரம் வேலைசெய்யும் இன்சுலின் மட்டும் போடுபவர்கள் எட்டு மாதம் சென்சார் அணிந்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் சிலருக்கு நிறுத்தினார்கள், சிலருக்குத் தொடர்ந்தார்கள். யார் கவனமானவர் என்பது அந்தக் குலுக்கலுக்குத் தெரியாது. நிறுத்தப்பட்டவர்களின் வரம்புநேரம் தொடக்கத்தில் 38 சதவீதம், எட்டாம் மாதம் 62, நிறுத்தி ஆறு மாதத்தில் 50. தொடர்ந்தவர்களிடம் கிடைத்த பலன் அப்படியே நின்றது. கண்ணில் படும் கோடு கையை மாற்றுகிறது. கோடு மறைந்தால் கை மெல்லப் பழைய வழிக்கே திரும்புகிறது.

மண்டி மொகல்லாவின் பேரேடுகள்

விடாமல் எழுதுவதன் அருமையைச் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு மைசூரு ஒரு முறை கற்றுக்கொடுத்திருக்கிறது. அங்கே மண்டி மொகல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள். 1934 முதல் அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும், நீளத்தையும், தலைச் சுற்றளவையும் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். எழுதியவர்களுக்கு அது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. அன்றாட வேலை என்று செய்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து கரோலின் ஃபால் என்ற மருத்துவரும் மைசூரு ஆய்வாளர்களும் அந்த ஏடுகளைத் திறந்தார்கள். 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்து, நடுவயதை எட்டிய 506 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களுக்குத்தான் பிற்காலத்தில் சர்க்கரை அதிகம் என்று இங்கிலாந்து ஏடுகள் சொல்லியிருந்தன. 1998இல் வெளியான மைசூரு முடிவு வேறாக இருந்தது. நீளம் குறைந்து, நீளத்துக்குச் சற்றுப் பருமனாகப் பிறந்தவர்களிடமும், எடை கூடிய தாய்களின் பிள்ளைகளிடமும் சர்க்கரை அதிகம். அந்தத் தாய்களுக்குக் கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் உயர்ந்திருந்து, யாரும் அளக்காமல் விட்டிருக்கலாமோ? இந்தக் கேள்வியோடுதான் 1997–98இல் அதே மருத்துவமனையில் 800க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து, அவர்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனிக்கும் பார்த்தனான் ஆய்வு தொடங்கியது.

செவிலியர்கள் வேலை மிகுந்த நாட்களில் எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

கழற்றத் தோன்றும் காரணங்கள்

அரிப்பு உண்மை. தோலைக் கழுவி நன்றாக உலர்த்தி ஒட்டுவதும், அடுத்த முறை கையை மாற்றுவதும் பெரும்பாலும் உதவும். புண்ணாகும் அளவு போனால் கழற்றித்தான் ஆக வேண்டும். சில வகைகளில் எச்சரிக்கை ஒலி அடிக்கடி எழுந்து அலுக்கவைக்கும். எந்த அளவுக்கு ஒலிக்க வேண்டும் என்பதை மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்ளலாம். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் சில சென்சார்கள் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதை நிறுத்தாமல் கருவியைக் குறை சொல்லக்கூடாது. எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டைக் கண்டே பயப்படுபவர்களும் உண்டு. சாப்பிட்டால் குளுக்கோஸ் ஏறத்தான் செய்யும். எவ்வளவு ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதே பார்க்க வேண்டியது.

எல்லாவற்றிலும் பெரிய தடை விலை. 14 நாள் சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஆண்டு முழுக்க அணிவது கடினம். முதல் வகைக்காரர்களுக்கும், ஒரு நாளைக்குப் பல முறை இன்சுலின் போடுபவர்களுக்கும் இடைவிடாமல் அணிவது உயிர் காக்கும் விஷயம். அவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் வழியாகவே இது கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாத்திரையில் இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்டுச் சில மாதங்களுக்கு ஒரு முறை அணியலாம். அப்படி அணியும்போது பதினான்கு நாளையும் முழுதாக அணியுங்கள். விரதமும் விருந்தும் பயணமும் வரும் நாட்களைத் தவிர்க்காதீர்கள். நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள முடிந்த பதினான்கு நாளைத் தேடிப்பிடித்து அணிந்தால், மறுபடி மே மாதக் காலையைத்தான் அளந்திருப்பீர்கள்.

பதினைந்தாம் நாள் காலையில் டீச்சரம்மா சென்சாரை உரித்தெடுத்தார். தோலில் வட்டமாக ஒரு தடம், நடுவே கடுகளவு புள்ளி. இரண்டு நாளில் அதுவும் மறைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை இரவு மாத்திரைப் பெட்டியைத் திறந்தபோது, அந்த இரவுக்குரிய அறையில் இரண்டுக்குப் பதில் ஒரே மாத்திரை இருந்தது. பாலைக் குடித்துவிட்டுத் தூங்கினார். ஞாயிறு விடிந்தபோது தலை வலிக்கவில்லை.